வெற்றிலை கொடுப்பதற்கு முன்

மகனே,

இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதுவது வழக்கம். உன் அம்மா நலம். மாடு கன்று போட்டிருக்கிறது, அதுவும் நலம். என்னைப் பற்றி மட்டும் அப்படி எழுதக் கை வரவில்லை. திங்கட்கிழமை உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பித்தம் என்று நினைத்து உன் அம்மா கஷாயம் போட்டுக் கொடுத்தாள். நானும் குடித்தேன். அது பித்தம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அம்பத்தூரில் புதிதாகக் கட்டிய அரிசி மில்லுக்கு உன்னை மானேஜராகப் போட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது, வாசலில் நின்றுகொண்டு இரண்டு பேரிடமாவது சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அந்த அளவுக்குப் பெருமை எனக்கு இருந்தது. மிச்சத்தை உள்ளே வந்து உட்கார்ந்து படித்தேன். வருகிற வெள்ளிக்கிழமை பூசை போட்டுப் பாய்லரை மூட்டப் போகிறீர்கள் என்றும், அன்று காலையில் பாய்லர்காரனுக்கு உன் கையால் வெற்றிலை கொடுக்கப் போகிறாய் என்றும் எழுதியிருக்கிறாய். நம் பக்கத்து மில்களில் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து ஒருவன் கையில் கொடுத்துவிட்டால் ஆளை எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு அப்புறம் அவனை வேண்டாம் என்று சொன்னால், கொடுத்தவனுக்கும் அவமானம், வாங்கியவனுக்கும் அவமானம். மற்ற ஆட்களும் நம் வாய்ச்சொல்லை நம்பமாட்டார்கள். இது உனக்குத் தெரியாததில்லை. அதனால்தான் தபாலை நம்பாமல், ஆவடிக்கு வைக்கோல் ஏற்றிப் போகிற நம் தெரு வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்து, அம்பத்தூர் வரைக்கும் வந்து உன் கையிலேயே சேர்க்கச் சொல்லி அனுப்புகிறேன். தட்டை எடுப்பதற்கு முன்னால் நீ இதைக் கடைசி வரைக்கும் படித்துவிட வேண்டும்.

நீ எடுக்கப்போகிற ஆளின் பெயர் மாணிக்கம் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் முதலாளியின் பழைய மில்லில் வைத்து அவனைச் சோதித்துப் பார்த்தாய், மற்றவர்களுக்குப் பாய்லரில் ஆவி ஏற ஆகிற நேரத்தில் பாதிகூட அவனுக்கு ஆகவில்லை. இந்தச் சண்டைக்காலத்தில் ஆவடியில் பட்டாளத்து வேலைக்கு ஆளெடுக்கிறார்கள் என்று வேலை தெரிந்தவன் எல்லாம் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது, இப்படி ஒருவன் தானாக வந்து சேர்ந்தது உன் அதிர்ஷ்டம் என்கிறாய். எல்லாவற்றுக்கும் மேலே அவன் ஒரு சீட்டு கொண்டுவந்து காட்டினான். ‘இவர் கையாண்ட பாய்லரில் ஒரு நாளும் ஒரு குறையும் வந்ததில்லை’ என்று அதில் இருக்கிறது. கீழே என் கையெழுத்து. ‘உங்கள் கையெழுத்தைப் பார்த்த பிறகு நான் வேறு எதைப் பார்க்க வேண்டும் அப்பா’ என்று கேட்டிருக்கிறாய். அந்தச் சீட்டை எழுதியவன் நான்தான். அதில் எழுதியிருப்பது பொய்.

இதை நேரில் வந்து சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. காகிதமாக இருந்தால் உங்கள் முதலாளியிடம் நீட்டலாம். வாய்ச்சொல்லை, கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று தள்ளிவிடுவார்கள்.

பூந்தமல்லி மில்லில் நான் மேஸ்திரியாக இருந்தபோது ஆளெடுக்கிற பொறுப்பு முழுக்க என்னுடையது. நீ அப்போது புரசைவாக்கத்தில் உன் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய், விடுமுறைக்கு மட்டும் வருவாய். ஆளைப் பார்த்தவுடனே எடை போடுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஒருமுறை, பார்வை மங்கிப்போன ஒரு அம்மாள் களத்து வேலை கேட்டு வந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் காய்கிற நெல்லில் நாலு மணியை எடுத்துக் கையில் கொடுத்தேன். வாயில் போட்டுக் கடித்துவிட்டு, ‘இன்னும் ஒரு நாழி காயணும் மேஸ்திரி, இப்போ அரைச்சா நொய்யாப் பூடும்’ என்றாள். அவளைத்தான் எடுத்தேன். அவள் இருந்த வரைக்கும் எங்கள் மில் அரிசியில் நொய் குறைவு. இன்னொரு முறை தேக்குமரம் போல ஒருவனை மூட்டை தூக்க எடுத்தேன். மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டு அவனையே இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, நானும்தான். கடித்துப் பார்த்த அம்மாளின் கதையை மட்டும் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல எனக்குத் தலை கனத்துப்போனது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பழைய பாய்லர்காரர் கண் தெரியாமல் நின்றுவிட்டார். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சவரிமுத்து. முத்தாபுதுப்பேட்டைப் பக்கம், வேதக்காரர், ரயில் ஷெட்டில் நெருப்பு தள்ளிப் பழகியவர். அப்போது நான் அவன் இவன் என்றுதான் சொல்வேன். இப்போது அவர் என்று எழுதுகிறேன், இந்த மரியாதை அவருக்கு எந்த விதத்திலும் உதவாது. இன்னொருவன் மாணிக்கம். இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு தடவை பார்த்தால் எந்த வேலையும் அவன் கைக்கு வந்துவிடும். மாற்றி மாற்றி ஆளுக்கு மூன்று நாள் பாய்லரைக் கொடுத்துப் பார்ப்பது, அப்புறம் வெற்றிலை கொடுப்பது என்பது எங்கள் மில் வழக்கம்.

முதல் நாள் சவரிமுத்து. விடிந்ததும் வந்து அடுப்பைத் தொடவே இல்லை. தண்ணீர் மட்டம் தெரிகிற கண்ணாடிக் குழாயைத் துணியால் துடைத்தார். குறி போட்ட இடம் வரைக்கும் தண்ணீர் விட்டார். குழாய் சொல்வது நிஜமா என்று கீழே இருக்கிற சின்னக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஆவி அதிகமானால் தானே திறந்து வெளியே விடுகிற வால்வு ஒன்று பாய்லர் தலையில் இருக்கும், உனக்குத் தெரியும். ஏணி போட்டு ஏறி அதைத் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தார். அதற்கு அப்புறம்தான் உமியைத் தள்ளினார். நெல் அவிக்கிற பெண்கள் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

‘இன்னா சவரி, பாய்லருக்குக் கல்யாணம் பண்றியா?’ என்று கேட்டேன்.

‘தண்ணி பாக்காம நெருப்பு போடக் கூடாது மேஸ்திரி. ஷெட்ல அப்டித்தான் பழக்கிகிறாங்க’ என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

மறுநாள் மாணிக்கம். பெண்கள் வந்து முந்தானையைச் செருகி முடிப்பதற்குள் ஆவி ஏறிவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அடியில் கிடந்தது. தண்ணீரைக் குறைத்து வைத்தால் சீக்கிரம் கொதிக்கும், கஞ்சிப் பானைக்கும் அதே கணக்குதான். எங்கள் வால்வு பழசு, வேண்டிய அளவு ஆவி ஏறுவதற்கு முன்னாலேயே கசியும். அதன் கைப்பிடியில் கயிறு போட்டு ஒரு கருங்கல்லைத் தொங்கவிட்டிருந்தான்.

‘இது பயந்தாங்கொள்ளி மேஸ்திரி. சும்மாவே கத்திகினு கீது. ஒரு கல்லு கட்டுனா கம்முனு கெடக்கும்’ என்றான்.

நான் சிரித்தேன். மகனே, இந்த இடத்தை நீ இரண்டு தடவை படிக்க வேண்டும். அந்தக் கல்லை நான் என் கண்ணால் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சிரித்தேன். பயல் எவ்வளவு சாமர்த்தியம், இவனுக்கு இன்னும் நாலு வருஷம் கொடுத்தால் மில்லையே நடத்துவான் என்று நினைத்தேன். எனக்குப் பிடித்தது அவன் வேலை மட்டும் இல்லை. இவனைப் போல ஒருவனைக் கண்டுபிடித்தவன் என்று எனக்கு வரப்போகிற பெயரும் பிடித்திருந்தது. மூன்று நாள் வழக்கத்தை விட்டுவிட்டு அன்று மத்தியானமே தட்டை வரவழைத்து அவன் கையில் வெற்றிலையைக் கொடுத்துவிட்டேன். சவரிமுத்துக்கு வேறு வேலை கிடைக்கவில்லை, வீட்டில் கஷ்டம். மாணிக்கத்துக்குக் கீழே உமி தள்ளுகிற வேலையைக் கொடுத்தேன். அவரும் தலையாட்டிவிட்டுச் சேர்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அவர் மூன்று தடவை என்னிடம் வந்தார். முதல் தடவை, கல்லை எடுக்கச் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன், சொல்லவில்லை. இரண்டாவது தடவை, பாய்லர் அடித்தகட்டில் ஒரு இடம் லேசாக உப்பியிருக்கிறது, வந்து கையால் தடவிப் பாருங்கள் என்றார். வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். வெற்றிலை கொடுத்தாகிவிட்டதே, இனி எடுத்தது தப்பு என்று எந்த வாயால் சொல்வது என்பதுதான் என் யோசனையாக இருந்தது. மூன்றாவது தடவை வந்தபோது சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

‘உனுக்கு அந்த வேலை கெடைக்கலன்னு வயித்தெரிச்சல்’ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

‘வயித்தெரிச்சல் இல்ல மேஸ்திரி. பயம். நான் புள்ளகுட்டிக்காரன்’ என்றார்.

‘பயந்தா ஊட்ல கெட’ என்றேன். அவர் வீட்டில் கிடக்கவில்லை. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். வராமல் இருக்க அவருக்கு வசதி இல்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு வாரம். வானம் மூட்டம் போட்டு நெல் காயாமல் வேலையெல்லாம் பின்தங்கிக் கிடந்தது. காலையில் நான்தான் போய், இன்னும் சீக்கிரம் ஆகட்டும் என்று மாணிக்கத்தை விரட்டினேன். அவன் இன்னொரு கல்லைச் சேர்த்துக் கட்டிவிட்டு, வெற்றிலை போட எதிர்க்கடைக்குப் போனான். அந்த நேரத்தில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இல்லாததைச் சவரிமுத்து பார்த்திருக்கிறார். களத்தில் இருந்த பெண்களைப் பார்த்து, ஓடுங்கள் ஓடுங்கள் என்று கத்தியிருக்கிறார். கத்திவிட்டு அவரும் ஓடியிருக்கலாம். ஏணியில் ஏறினார், கல்லை அவிழ்க்க.

நான் ஆபீஸ் அறையில் இருந்தேன். பாய்லர் வெடித்த சத்தம் என்று எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. சன்னல் இருந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. வெளியே வந்து பார்த்தால் களத்தில் ஓடு விழுந்து கிடக்கிறது. பெண்கள் எல்லோரும் சாலையில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கு மட்டும் சுடுதண்ணீர் பட்டுக் கை வெந்திருந்தது. அவரை மதில் ஓரத்தில் கண்டெடுத்தோம். அவர் கையில் அந்தக் கயிறு இருந்தது, விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

விசாரணைக்கு ஒரு துரை வந்தார். பக்கத்தில் மொழி சொல்ல ஒருவர். கல்லைக் கட்டியது யார் என்று கேட்டார்கள். கட்டத் தெரிந்தவனை எடுத்தது யார் என்பது அடுத்த கேள்வியாக வரும் என்று எனக்குத் தெரியும். செத்தவன் கையில்தான் கயிறு இருந்தது என்று சொன்னேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை பார், அதுதான் கொடுமை. அவிழ்க்கப் போனவரைக் கட்டப் போனவராக அவர்களே எழுதிக்கொண்டார்கள். குடித்திருந்தானா என்று கேட்டார்கள். சொல்ல முடியாது என்றேன். அவர் குடிக்கமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் மனைவி ஞானம்மாள் கைக்குழந்தையோடு கதவோரம் நின்றிருந்தாள். தப்பு அவர்மேல் என்று ஆனதால் அவளுக்கு ஒரு உதவியும் இல்லாமல் போனது. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். ஏதாவது திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து மாணிக்கம் வீட்டுக்கு வந்தான். அழுதான். ‘நீங்கதான மேஸ்திரி இன்னும் சீக்கிரம்னு சொன்னீங்க’ என்றான். அழுது முடித்துவிட்டு, ‘ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, நான் எங்கனா போயிடறேன்’ என்றான். அவன் இந்த ஊரில் இருந்தால் என்றைக்காவது உண்மை வெளியே வரும். அதனால் எழுதிக் கொடுத்தேன். அவனோடு அதுவும் கண்காணாத இடத்துக்குப் போய்விடும் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து அது சுற்றிச் சுற்றி என் மகன் மேசைக்கே வந்து சேரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

உன்னிடமும் பொய்தான் சொன்னேன். விடுமுறைக்கு வந்தபோது நீ கேட்டாய். மந்தமான ஆள், வேலை தெரியாமல் கல்லைக் கட்டிவிட்டான் என்றேன். நீ நம்பினாய். அப்பா சொன்னால் நம்பாமல் என்ன செய்வாய்.

மாணிக்கம் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவனுக்குப் பக்கத்தில் நின்று, தண்ணீர் எங்கே என்று கேட்கிற ஒருவன் இருந்திருந்தால் அவன் நல்ல வேலைக்காரனாக ஆகியிருப்பான். நான் அவனுக்குக் கேட்கிறவனாக இல்லாமல் தட்டிக் கொடுக்கிறவனாக இருந்தேன். ஆனால் அவன் திருந்தியிருப்பான் என்று நீ நம்பிக்கொண்டு அடுப்பை மூட்டாதே. பாதி நேரத்தில் ஆவி ஏறுகிறது என்று எழுதியிருக்கிறாயே, அது எப்படி ஏறுகிறது என்று ஏணி போட்டு ஏறிப் பார்த்தாயா? உங்கள் பழைய மில்லில் கண்ணாடிக் குழாயைப் பார்த்தாயா? பார்த்திருக்கமாட்டாய். ஆவியின் அளவைக் காட்டுகிற முள் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய். நான் அப்படித்தான் நின்றேன்.

ஆளெடுக்கிறவனுக்கு வருகிற வியாதி ஒன்று உண்டு. நமக்குப் பிடித்தமாதிரி வேலை செய்கிறவனை வேலை தெரிந்தவன் என்று நினைத்துக்கொள்வோம். நாளைக்குப் பெரிய ஆளாக வருவான் என்று ஒருவனைப் பார்த்துத் தோன்றினால், அவனால் நமக்குப் பெருமை வரும் என்று தோன்றுகிறதா என்று ஒரு தடவை நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள். வேலையை எவ்வளவு சீக்கிரம் முடிப்பாய் என்று கேட்காதே. எதைப் பார்த்தால் வேலையை நிறுத்துவாய் என்று கேள். பதில் சொல்லத் தெரியாதவனை நெருப்புக்குப் பக்கத்தில் விடாதே. முதலாளி நிற்கும்போதும் ஒருவன் நிதானமாகக் குழாயைத் துடைத்தால், உனக்கு எரிச்சல் வரும், வரட்டும். அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளத்தான் உனக்குச் சம்பளம்.

இந்தக் கடிதத்தை நீ முதலாளியிடம் காட்டலாம். அதனால் எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். ஞானம்மாள் இன்னும் முத்தாபுதுப்பேட்டையில்தான் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நாளைக்கு நான் அங்கே போகிறேன். இதே விஷயத்தை அவள் முன்னால் நின்று வாயால் சொல்லிவிட்டு, அங்கிருந்து அம்பத்தூருக்கு வருவேன். கால் வலி இருக்கிறது, வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்துவிடப் பார்க்கிறேன். ஒருவேளை என்னால் வர முடியாமல் போனாலும் நீ எனக்காகக் காத்திருக்காதே, மாணிக்கத்தைக் கூப்பிட்டு இல்லை என்று சொல்லிவிடு.

உன் கடிதத்தின் கடைசி வரியை நான் இன்னும் தொடவில்லை. தொடப் பயந்துகொண்டே இவ்வளவு பக்கம் எழுதிவிட்டேன். மாணிக்கத்துக்கு முன்னால் இன்னொரு ஆள் வந்தார் என்று எழுதியிருக்கிறாய். வயதானவர். ஏணி எங்கே என்று முதலில் கேட்டாராம். தண்ணீரை மூன்று தரம் பார்த்தாராம். ‘நீங்கள் சொல்வீர்களே, அந்தச் சவரிமுத்து மாதிரி மந்தமான ஆள், அதனால் அன்றைக்கே அனுப்பிவிட்டேன்’ என்று சிரித்து எழுதியிருக்கிறாய்.

அவரைப் போய்க் கூப்பிட, எந்த ஊர் என்று கேட்டு வைத்தாயா, மகனே?

இப்படிக்கு,
உன் அப்பா